இதயத்தை நிறுத்திக் காட்ட முடியுமா, சார்?

2002இல் கோடம்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து பள்ளிப் பாடங்களைக் குறுந்தகடுகளாக மாற்றிக்கொண்டிருந்தோம். படம் வரைபவருக்கும் குரல் கொடுப்பவருக்கும் நடுவே என் நாற்காலி. வரைந்ததையும் பேசியதையும் ஒன்றாகக் கோத்துத் திரையில் ஓடவைப்பது என் வேலை. தகட்டின் உறையில் 'இன்டராக்டிவ் மல்டிமீடியா' என்று மஞ்சள் எழுத்தில் போட்டாக வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அதற்கு அவர் வைத்திருந்த இலக்கணம் எளிமையானது. ஒவ்வொரு திரையிலும் அழுத்துவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் 'அடுத்து' என்றொரு பொத்தான்.

இதயப் பாடத்துக்கு மட்டும் எனக்கு ஆறு வாரம் பிடித்தது. வலது பக்கம் நீல இரத்தம், இடது பக்கம் சிவப்பு இரத்தம், நான்கு அறைகள், வால்வுகள் மூடும்போது 'லப்-டப்'. அந்த ஒலிகூட நண்பன் ஒருவனின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மைக்கில் பிடித்தது. அழகாகவே இருந்தது, இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முடித்த கையோடு ஒரு பள்ளிக்கு எடுத்துப்போய் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினோம்.

முதலில் உட்கார்ந்த பெண் 'அடுத்து' பொத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுட்டியை நேராக இதயத்தின் இடது பக்கம் கொண்டுபோய் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், இதயத்தை நிறுத்திக் காட்ட முடியுமா? இந்தப் பக்கம் மட்டும் நின்றுபோனால் இரத்தம் எங்கே போய்த் தேங்கும்?" என்று கேட்டாள்.

"அப்படி ஒன்றும் வைக்கவில்லை அம்மா. நீ அடுத்து என்பதை அழுத்து" என்றேன். அழுத்தினாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் மேக்ரோமீடியா டைரக்டர். பெயருக்கேற்ப அதில் எல்லாமே நாடகக் கொட்டகைச் சொற்கள். திரைக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். படமும் ஒலியும் 'காஸ்ட்'. எது எப்போது மேடைக்கு வர வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதிவைக்கும் பட்டியல் 'ஸ்கோர்'. அந்தப் பட்டியலின்மேல் ஒரு முள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் அழுத்தும்வரை காத்திருக்க வேண்டுமானால் அந்தக் கட்டத்தில் 'கோ டு தி ஃபிரேம்' என்று ஒரு வரி எழுதுவோம். முள் கட்டத்தைவிட்டு வெளியேறப் பார்க்கும். உடனே அதே கட்டத்துக்குள் வந்து விழும். செக்குமாடுபோல அங்கேயே சுற்றும். பொத்தானை அழுத்தினால் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். உறையில் மஞ்சள் எழுத்தில் நாங்கள் விற்ற சரக்கு இந்தக் கயிறுதான். மென்பொருளைக் குறை சொல்லக் கூடாது. அதில் விதிகள் எழுதலாம், கணக்குப் போடலாம், இதயத்தை உண்மையிலேயே நிறுத்தியிருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவில்லை.

தமிழில் இந்த 'இன்டராக்டிவ்' தன்மைக்கு 'ஊடாட்டம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. நல்ல சொல். ஊடே புகுந்து ஆடுவது. 'ஊடகம்' என்பதிலும் அதே 'ஊடு' இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் எங்கள் பாடத்தின் ஊடே புக முயன்றபோது புக வாசல் இல்லை. இது ஏன் என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒழுங்காக விளங்கியது, அமெரிக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ஆண்ட்ரூ லிப்மன் தந்த விளக்கத்தைப் படித்தபோது. 1987இல் அது அச்சேறியிருந்தது. நாங்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்த காலத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே!

லிப்மன் சொல்வதன் சாரம் இது. இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பொறுத்துச் செயல்படுவதுதான் ஊடாட்டம். அதற்கு ஒரு நோக்கம் இருக்கலாம், இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அவர் மனத்தில் இருந்த உதாரணம் இரண்டு மனிதர்களின் பேச்சு. சொற்பொழிவும் உரையாடலும் எங்கே பிரிகின்றன என்று பார்த்து, அங்கிருந்து சில சோதனைகளை அவர் வகுத்தார். முதலாவது, நடுவே குறுக்கிட முடிகிறதா என்பது. இடைநிறுத்தும் பொத்தான் இருந்தால் போதாது. வானொலியை அணைப்பதைக் குறுக்கீடு என்று யாரும் சொல்ல மாட்டோம். குறுக்கிட்ட பிறகு பேச்சின் போக்கு மாற வேண்டும்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: எந்த அளவில் குறுக்கிடலாம்? 'அடுத்த வாரம் திருநெல்' என்று யாரும் பாதிச் சொல்லில் பேச்சை நிறுத்துவதில்லை. குறுக்கிட்டாலும் 'வேலி'யைச் சொல்லிவிட்டுத்தான் நிற்பார்கள். ஆக, சொல் ஓர் அலகு. எழுத்து என்பது பேச்சை உடைக்க முடியாத அளவு சிறியது. பத்தி என்பது கேட்பவரின் பொறுமையைக் கொல்லும் அளவு பெரியது. எங்கள் குறுந்தகட்டின் அலகு ஒரு முழுத் திரை, அதாவது நாற்பது விநாடி விளக்கவுரை. வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் வரும் இயந்திரக் குரலின் அலகு அதைவிட மோசம். சென்ற மாதம் தொலைந்துபோன அட்டையை முடக்கக் கூப்பிட்டேன். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்பதற்கு முன்பே ஒன்றை அழுத்தினேன். தவறான தேர்வு என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தது. புதிய வைப்புத் திட்டம் பற்றிய அறிவிப்பையும் சேர்த்துத்தான்.

எங்கள் பெரியம்மா கதை சொல்லும்போது கேட்பவர்கள் உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தூங்கிவிட்டோமா என்று சோதிக்க அவர் வைத்திருந்த உத்தி என்றுதான் சிறு வயதில் நினைத்தேன். அதற்குள் இன்னும் நுட்பமான கணக்கு ஒன்று இருந்தது. உம் சற்றுத் தாமதமாக வந்தால் அந்த இடத்தைத் திரும்பச் சொல்வார். உம் முந்திக்கொண்டு வந்தால் 'இது தெரிந்த கதை' என்று புரிந்துகொண்டு காட்டுக்குள் புதிதாக ஒரு பாம்பை நுழைத்துவிடுவார். பயத்தில் உம் சுருங்கினால் பாம்பு பொந்துக்குள் போய்விடும். ஓர் அசையைக்கூடத் தாண்டாத அந்த ஒலிக்கு நீளம், தாமதம், அழுத்தம் என்று மூன்று அளவுகள் இருந்தன. மூன்றையும் பெரியம்மா படித்தார். கணினித் துறையிலும் இந்தத் தாமதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1968இல் ராபர்ட் மில்லர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியிலிருந்து இன்றுவரை வடிவமைப்பாளர்கள் கைக்கொள்வது இதுதான்: பத்தில் ஒரு விநாடிக்குள் விடை வந்தால் நம் கையே செய்ததுபோல் இருக்கும், ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

உம் மட்டுமே கொட்டும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. எம்.ஐ.டி.யிலேயே ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற கணினி நிரல். நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்து, அதையே கேள்வியாகத் திருப்பிப்போடும். 'அம்மாவோடு சண்டை' என்றால் 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்கிற வகை. அதற்குள் புரிதல் ஒரு துளியும் இல்லை என்பது செய்தவருக்குத் தெரியும். அது உருவானதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மையார் சில வரிகள் தட்டிய பிறகு, தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போகலாமா என்று வைசன்பாமைக் கேட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். கணினியின் மீதான மிகையான நம்பிக்கையை எதிர்த்துப் பேசுபவராகவே பின்னாளில் மாறினார்.

எலைசா எங்கே பெரியம்மாவிடமிருந்து வேறுபடுகிறது என்பதை தகவல்தொடர்பு ஆய்வாளர் ஷெய்சாஃப் ரஃபேலி 1988இல் எழுதிய கட்டுரையைக் கொண்டு பார்க்கலாம். நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள்: இது இருவழி, அவ்வளவே. நான் சொன்னதற்கு நீங்கள் பதில் சொன்னால் அது எதிர்வினை. அந்தப் பதில், அதற்கு முன்னால் நமக்குள் நடந்தவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபட்டிருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் ஊடாட்டம். ஆகவே மூன்றாவது செய்திக்கு முன்னால் எதையும் தீர்மானிக்க முடியாது. குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. நூறாவது முறை திறந்தாலும் அதே விளக்குதான். எலைசாவின் நினைவு மிகமிகச் சிறியது. அநேகமாக ஒவ்வொரு வரியும் அதற்கு முதல் வரி. பெரியம்மாவுக்கோ முந்தின வாரம் எந்த இடத்தில் அழுதேன் என்பதும் நினைவிருந்தது.

எங்கள் முதலாளியின் இலக்கணத்தை உலக அரங்கிலேயே ஒருவர் அரங்கேற்றியிருக்கிறார், எங்களைவிட நூறு மடங்கு சாமர்த்தியமாக. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ரடூஸ் சின்ச்செரா என்பவர் 'கினோஆட்டோமாட்' என்ற திரைப்படத்தைக் காட்டினார். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். படம் திடீரென்று நிற்கும். நாயகனாக நடித்தவரே மேடைக்கு வந்து பார்வையாளர்களைப் பார்த்துக் கேட்பார். துண்டு மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் அண்டைவீட்டுப் பெண்ணை உள்ளே விடலாமா? மனைவி வரும் நேரம் வேறு. எல்லாரும் பொத்தானை அழுத்துவார்கள். யார் எந்த நிறம் என்று திரையைச் சுற்றி எண்கள் ஒளிரும். பெரும்பான்மை சொன்னபடி படம் தொடரும்.

இப்படி ஒன்பது இடங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிளையும் உண்மையிலேயே தனி வழியே போயிருந்தால் ஒன்பது கேள்விகளுக்குப் பின் 512 முடிவுகள் வந்திருக்கும். அத்தனையையும் யார் படம்பிடிப்பது? சின்ச்செராவின் தந்திரம் எளிது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இரண்டு கிளைகளும் சற்றுத் தூரம் போய் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றின் கண்ணை மூடினால் மற்றொன்று தெரியும். தேவைப்பட்டது அவ்வளவே. வீடு தீப்பற்றி எரிவதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீடு எரிந்தே தீரும். வாக்களிப்பின் மீதான கிண்டலாகவும் இதைப் பலர் படித்தார்கள். எனக்கு அது நேர்மையான படம் என்று படுகிறது. ஏமாற்றுகிறேன் என்பதை முதல் காட்சியிலேயே ஒப்புக்கொள்கிறதே.

லிப்மனின் இன்னொரு சோதனை இந்த இடத்தில்தான் வந்து உட்காருகிறது. உரையாடலில் அடுத்து வரப்போவதை யாரும் முழுக்க முன்கூட்டியே தயாரித்து வைக்க முடியாது. கிளைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைப்பவர் ஒன்று 512இல் மூழ்க வேண்டும், இல்லையேல் கிளைகளைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மூன்றாவது வழி, கதையை மறந்துவிட்டு இடத்தைக் கொடுப்பது. லிப்மனும் அவருடைய குழுவினரும் 1978ஆம் ஆண்டு வாக்கில் அதைத்தான் செய்தார்கள்.

கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்று ஒரு சிறிய மலை ஊர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம், பிறகு பனிச்சறுக்கு விடுதிகள். காரின் கூரையில் நான்கு 16 மி.மீ. கேமராக்களைப் பொருத்தி, நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போனார்கள். காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம் உருண்டுவரும். ஒவ்வொரு பத்து அடிக்கும் அது ஒரு சமிக்ஞை தரும், நான்கு கேமராக்களும் ஒரு படம் பிடிக்கும். நிழல்கள் பெரிதாக மாறிவிடக் கூடாது என்று காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை மட்டுமே வேலை. தெருச் சந்திப்புகளில் திரும்புவதைத் தனியாகப் படம்பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏறின. ஒரு பக்கத்தில் 54,000 படங்கள் கொள்ளும் வட்டு அது. ஒரு வட்டு தெருவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடுத்த திருப்பத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளும். தொடுதிரையில் இடது என்றால் இடது, நில் என்றால் நில். சில கட்டடங்களைத் தொட்டால் உள்ளே போகலாம். ஒரு தெருவை இலையுதிர்காலத்திலிருந்து பனிக்காலத்துக்கு மாற்றலாம்.

கணக்கைக் கவனியுங்கள். மரக்கிளை போலப் பிரியும் கதையில் ஒவ்வொரு தேர்வும் சுமையை இரட்டிப்பாக்குகிறது. குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் உள்ள ஊரில் அதே படங்களைக் கோத்து எண்ணற்ற வழிகளில் போகலாம். எந்த வழியும் முன்கூட்டியே எழுதப்படவில்லை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டும் 'வழக்கமான பாதை'யும் கிடையாது. லிப்மன் இதையும் ஒரு சோதனையாக வைத்தார். 2007இல் கூகுள் வீதித்தோற்றம் (ஸ்ட்ரீட் வியூ) வந்தபோது உலகம் வியந்தது. அதன் தாத்தா ஆஸ்பெனில் முப்பது வயதோடு இருந்தார். இதற்குப் பணம் வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1976இல் உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் பிணைக்கைதிகளை மீட்கும் முன் இஸ்ரேலியப் படையினர் அந்த இடத்தின் மாதிரியில் ஒத்திகை பார்த்தார்கள். போகாத ஊரைக் கணினியிலேயே பழக்கிவிட முடியுமா என்று அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தோன்றியது. உரையாடலைப் பற்றிய இவ்வளவு மென்மையான சிந்தனை படையெடுப்பு ஒத்திகையில் பிறந்திருக்கிறது.

இத்தனைக்கும் எதிராக ஒரு வாதம் உண்டு, அதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஊடக ஆய்வாளர் லெவ் மனோவிச் 2001இல் எழுப்பியது. கணினி ஊடகத்தை ஊடாட்டம் உள்ளது என்று சொல்வதே வீண்பேச்சு என்கிறார் அவர். ஏனெனில் கணினி என்றாலே அதுதான். அதைவிட முக்கியமானது அடுத்தது. ஒரு சிற்பத்தைச் சுற்றிவரும்போதும், கதையில் சொல்லாமல் விட்டதை நிரப்பும்போதும் நாம் ஏற்கெனவே ஊடாடிக்கொண்டுதான் இருக்கிறோம். விரல் அழுத்துவதை மட்டும் ஊடாட்டம் என்று எடுத்துக்கொண்டால் மனத்துக்குள் நடப்பதை மறந்துவிடுவோம். உண்மைதான். அந்தப் பெண் எங்கள் நகரும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவள் மனத்துக்குள் இதயம் ஒருமுறை நின்றுபோயிருக்கிறது. கேள்வி அங்கிருந்து வந்தது. திரைக்குத்தான் அது கேட்கவில்லை.

இப்போது எல்லாம் தலைகீழ். திரைக்குக் காது முளைத்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் கைப்பேசியில் குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எரிவாயு உருளை வாங்கப் போனேன். திரையில் யாரோ ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் அது நாலைந்து முறை ஓடிவிட்டது. அடுத்த ஒரு வாரத்துக்கு எனக்குக் கிணறுகள்தான். கரூரில் கிணறு, ராஜஸ்தானில் கிணறு, ஆப்பிரிக்காவில் எங்கோ கிணறு. நான் கொட்டாத உம்மை அது கேட்டுக்கொண்டது. ரஃபேலியின் கணக்குப்படி இது மூன்றாவது செய்தியையும் தாண்டிய பேச்சு. முன்னால் நடந்த எல்லாம் அதற்கு நினைவிருக்கிறது. ஆனால் அதனிடம் "போதும், கிணறு எனக்கு வேண்டாம்" என்று எந்தச் சொல்லில், எந்த இடத்தில் சொல்வது என்பது எனக்கு ஒரு வாரம் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் எரிச்சலோடு நின்று பார்த்ததையும் அது விருப்பம் என்று எழுதிக்கொண்டிருக்கும்.

கயிறு கட்டிய எங்கள் பாடத்துக்கும் ஒட்டுக்கேட்கும் இந்தத் திரைக்கும் நடுவில் வேறொன்று வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறது. 1963இல் இவான் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைகலை நிரல். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம் என்பதுதான் அதைப் பற்றி எல்லாரும் சொல்வது. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் அவர் வரைந்து காட்டிய பாலம். கோடுகளோடு விதிகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். சுமையை ஏற்றினால் பாலத்தின் ஒவ்வொரு உறுப்பிலும் விழும் விசை எண்ணாகத் தெரியும். அடுத்த காட்சி என்று எதையும் அவர் வரைந்து வைக்கவில்லை. சுமையை எங்கே வைத்தால் என்ன ஆகும் என்று பாலத்தையே கேட்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு நீண்ட விடுமுறையில் இதயத்தை மறுபடி செய்து பார்த்தேன். ஓவியரும் இல்லை, குரலும் இல்லை. உலாவியில் திறக்கும் ஒரே ஒரு பக்கம். இதயத்துக்கு நான்கு செவ்வகங்கள், நுரையீரலுக்கு ஒன்று. 2002ஆம் ஆண்டுப் பாடத்தின் அழகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விதிகளும் சொற்பம். ஒவ்வொரு துடிப்புக்கும் வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) இவ்வளவு தள்ளும், இடது இவ்வளவு தள்ளும். இடது குறைவாகத் தள்ளினால் மிச்சம் நுரையீரலில் தங்கும், அங்கே அழுத்தம் ஏறும். இடது பக்கத்தின் வலுவைக் குறைத்துக்கொண்டே வந்தால் நுரையீரல் செவ்வகம் மெல்லக் கறுக்கிறது. இரத்தம் எங்கே போய்த் தேங்கும் என்று அவள் கேட்டதற்கு விடை இதுதான். இதய நோயாளிக்கு மூச்சுத் திணறுவது ஏன் என்பதற்கும் இதுவே விடை. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

தங்கை மகன் வந்திருந்தான், ஆறாம் வகுப்பு. உட்காரவைத்தேன். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற கட்டத்தில் 72 என்று இருந்ததை அழித்துவிட்டு 0 என்று போட்டான். அறுபதை பூஜ்யத்தால் வகுத்த என் நிரல் 'ஒரு துடிப்புக்கு இன்ஃபினிட்டி விநாடி' என்று எழுதிவிட்டு உறைந்துபோனது. தெரியாத கேள்வி வந்தால் இடிந்துபோய் நிற்காமல் பேச்சைச் சமாளித்துக் கொண்டுபோக வேண்டும் என்பதும் லிப்மனின் சோதனைகளில் ஒன்று. அதில் நான் தேறவில்லை.

"மாமா, இது செத்துவிட்டதா, இல்லை அடுத்த துடிப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிறதா?" என்று கேட்டான்.

பூஜ்யத்தால் வகுப்பதைப் பற்றி விளக்க நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "அது என்னவென்றால்" என்று ஆரம்பிப்பதற்குள் பக்கத்தைப் புதுப்பித்து 1000 என்று தட்டிவிட்டான்.